எரியாத எருக்கம்பால்

சென்ற ஆண்டு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் காலை வந்த வாட்ஸ்அப் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை: “அண்ணே, வலது கண்ணுல எல்லாம் புகை மாதிரி தெரியுது. பயமா இருக்குலா.”

அனுப்பியவர், பாயான் பாரு அடுக்குமாடியில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் சில்லுகளைப் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது அவர் வேலை. கண்தான் அவருக்குச் சோறு போடுகிறது.

சதுர்த்தியன்று, மாக் மண்டின் தொழிற்பேட்டையில் தன் கணவர் வேலை செய்யும் பட்டறை வேலியோரம் எருக்கு பறித்து வந்திருந்தார். ஊதாப் பூக்கள் பிள்ளையார் மாலைக்கு. இலைகள் என் குதிகால் வலிக்கு. சூடாக்கிய செங்கல்மேல் எருக்கிலையைப் பரப்பி, அதில் குதிகாலை வைத்து வைத்து எடுப்பது பழைய வைத்தியம். அந்தச் செடியின் பால் நஞ்சு என்று படித்திருந்ததால், “கையில படாம பாத்துக்கம்மா” என்றேன்.

“பிள்ளையாருக்கே மாலையா போடுறோம். நம்மள என்னண்ணே செய்யும்?” என்று சிரித்தபடி, காம்பு ஒடித்த கையாலேயே முகத்து வியர்வையைத் துடைத்தார். எரியவில்லை. இருவரும் அதை மறந்தே போனோம்.

செய்தியைப் பார்த்ததும்தான் எனக்கு அந்தக் கை நினைவுக்கு வந்தது. உடனே அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

நடந்ததைக் கேட்ட தமிழ் மருத்துவர், “வலிச்சுதா?” என்றார்.

“இல்ல டாக்டர், ஒண்ணுமே தெரியல.”

“அதான் வினை. எருக்கம்பால் கண்ண மரத்துப்போக வச்சிடும். வலிச்சிருந்தா நேத்தே தண்ணி ஊத்திக் கழுவிட்டு ஓடி வந்திருப்பீங்க.”

கருவிழி வீங்கியிருந்தது. சொட்டு மருந்து கொடுத்தார். தெளிந்துவிடும் என்றார், எத்தனை நாளில் என்று சொல்லவில்லை.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. என் காலுக்காகப் பறித்த இலை அல்லவா! மாலைதோறும் அவர் நடைவழிக்கு வந்து, இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, கீழே நிற்கும் கார்களின் எண்களை வாசிப்பார். நான் சரிபார்ப்பேன்.

“எட்டாண்ணே, மூணா?”

நான் கம்பிமேல் எட்டிப் பார்த்து, “மூணும்மா” என்பேன்.

ஒரு மாலை, நான் எட்டிப் பார்க்குமுன்பே ஒரு காரின் எண்ணை முழுதாகப் படித்துவிட்டு, “அந்தக் கெரேத்தா மேல காக்கா எச்சம்கூடத் தெரியுதுண்ணே!” என்று கத்தினார். அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பினார்.

சதுர்த்தியன்றே அந்த இலைகளில் ஒத்தடம் எடுத்த என் குதிகாலின் வலியும் போய்விட்டது. வலியில்லாமல் காலை ஊன்றும்போதெல்லாம், அந்தச் சின்ன வலிக்காக அவர் இழக்கவிருந்தது நினைவுக்கு வருகிறது. வலியைப் போக்கியது எருக்கிலைதானா, அது தானாகவே போனதா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.