ரோஸ்மில்க் ஜமாலின் ஈரல்

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் ரோஸ்மில்க் கடை வைத்திருக்கும் ஜமால் மைதீனுக்கு, போன வருடம் வரை ஊரில் ஒரு கெட்ட பெயரும் கிடையாது. அரபு நாட்டுத் தம்மாமில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். காய்ந்த ஊரில் குளிர்ச்சியாக எதையாவது விற்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கடை போட்டார், பிழைத்தும் கொண்டார். ஒரே பலவீனம், தான் கலக்கியதைத் தானே ருசி பார்க்காமல் விற்க மனசு வராது. ருசி பார்ப்பது கரண்டியில் அல்ல, டம்ளரில்.

வயிறு முன்னால் போக, அசதி பின்னால் இழுக்க, மனைவி ஜைனப் அவரை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கோகிலாம்பாள், "ஈரல்ல கொழுப்பு நிறைய இருக்கு. குடிப்பீங்களா?" என்றார்.

"குடிக்காம இருப்பேனா? கடையே நம்ம கடைதான டாக்டரம்மா."

"எவ்வளவு?"

"கடை தொறந்ததும் ரெண்டு. வெயிலு ஏறிருச்சுன்னா கணக்கு வச்சிக்கிறதில்ல. வெள்ளிக்கிழம தொழுகைக்கு முந்தி மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கிருவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஜைனப் பதறிப்போய், "அவுக ரோஸ்மில்க்கச் சொல்றாக டாக்டரம்மா!" என்றாள்.

டாக்டர் சிரித்தார். ஆனால் திறந்திருந்த கதவுக்கு வெளியே, பக்கத்து ஊரான பாலவனத்தத்துச் சந்தனம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதல் பாதி அவள் காதில் விழுந்தது. மறுபாதி விழுவதற்குள் போனை எடுத்துவிட்டாள். இவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் செய்தி பாளையம்பட்டியில் இறங்கிவிட்டது.

பக்கத்துப் பஞ்சர் கடை பொன்னுச்சாமிக்குத்தான் கோபம் அதிகம். ஊரறிந்த குடிகாரன் அவன். "ஏலே மாப்ள, இத்தன வருசம் பக்கத்துல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியாம எங்கலே குடிச்ச? ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஜும்மா தொழுகை முடிந்து பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி நலம் விசாரித்ததுதான் ஜமாலுக்குச் சுட்டது. "நான் கையால தொட்டதில்லைங்க" என்றால், "தெரியும், தெரியும்" என்றார்கள். அந்த இரண்டாவது 'தெரியும்' அவரைத் தூங்கவிடவில்லை.

அடுத்து, கொழுப்பால் ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க, ஊசி போட்டு நூல் மாதிரி ஒரு துணுக்கை எடுத்தார்கள். சாயம் ஏற்றிப் பார்த்த நிபுணர்களில் ஒருவர் தழும்பு இரண்டாம் கட்டம் என்றார், இன்னொருவர் மூன்றாம் கட்டம் என்றார். "கண்ணால மதிப்புப் போடுறதுல இந்த வித்தியாசம் வரும்," என்றார் டாக்டர். "ஆராய்ச்சிக்கூடத்துல லேசர் மைக்ராஸ்கோப் ஒண்ணு இருக்கு. சாயமே வேண்டாம். தழும்புல இருக்கிற கொலாஜன் நார் மேல லேசர் பட்டா, அந்த நாரே ஒளியத் திருப்பித் தரும். எவ்வளவு இருக்குன்னு கம்ப்யூட்டர் அளந்துரும். உங்களுக்குச் சம்மதமா?"

"உள்ளத உள்ளபடி சொல்லிருமா?"

"தழும்ப மட்டும் சொல்லும்."

அந்த 'மட்டும்' ஜமால் காதில் ஏறவில்லை. ஊருக்கு வந்து, "லேசர்ல பாக்கப் போறாக. யாரு எதக் குடிச்சான்னு வெட்டவெளிச்சமாயிரும்" என்று சொல்லிவிட்டார். முடிவு வந்த நாளில் சாட்சிக்குப் பொன்னுச்சாமியையும் கூட்டிக்கொண்டு போனார்.

கம்ப்யூட்டர் திரையில் இருட்டு. அதில் பச்சைப் பச்சையாக மெல்லிய இழைகள். "இதுதான் தழும்பு," என்றார் டாக்டர். "செல்லுகளச் சுத்திக் கோழிவலை மாதிரி ஓடுது. இன்னும் ஒண்ணோடொண்ணு சேந்து பாலம் கட்டல. அளவும் இரண்டாம் கட்டத்துக்குத்தான் பொருந்துது. சீனிய விட்டு, எடையக் குறைச்சா, பெரும்பாலும் மட்டுப்படும்."

"நல்லது டாக்டரம்மா. இது சாராயமில்ல, ரோஸ்மில்க்குன்னு எந்த எடத்துல போட்டிருக்கு?"

"அது லேசருக்குத் தெரியாதுங்க. சாராயத்துல வந்தாலும் ஏறக்குறைய இதே வலைதான்."

ஜமால் நாற்காலியில் சரிந்தார். பொன்னுச்சாமிக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. "அப்ப எனக்குள்ளயும் இந்தக் கோழிவலை இருக்குமா தாயி?"

அவனையும் சோதித்தார்கள். ஈரலில் ஒரு குறையும் இல்லை. "இது அதிர்ஷ்டம், அனுமதி இல்ல" என்று டாக்டர் அவனை நன்றாகவே கடிந்துகொண்டார். ஜமாலோ பஸ்ஸில் ஊர் வரும்வரை, "யா அல்லா, இது என்ன நியாயம்?" என்று புலம்பிக்கொண்டே வந்தார். ஜைனப் சன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து டம்ளர் ஜைனப் கைக்குப் போனது. அவள் கரண்டி நுனியில் தொட்டுப் பார்த்து, "இது வெறும் சர்க்கரப் பாகு, ரோசா வாசம் பேருக்குத்தான்" என்று சீனியைப் பாதியாக்கினாள். ஆட்கள் முணுமுணுத்தார்கள்; பிறகு பழகிவிட்டது. ஜமால் காலையில் அருப்புக்கோட்டை ரோட்டில் நடந்தார். வியர்க்க விறுவிறுக்க நடப்பவரைப் பார்த்து, "பாவம், குடிய விட்டுட்டாரு போல" என்றார்கள். விளக்கம் சொல்ல மூச்சு மிச்சமில்லாததால் அவரும் தலையாட்டிவிட்டு நடந்தார். அடுத்த பரிசோதனையில், தழும்பால் ஈரலுக்கு வந்த இறுக்கம் குறைந்திருந்தது.

பயந்துபோன பொன்னுச்சாமி குடியை விட்டுவிட்டான். கைக்கும் வாய்க்கும் ஏதாவது வேண்டுமே, பொழுதுக்கும் ரோஸ்மில்க்தான்.

"ஏலே, போதும்லே. கோழிவலை போட்டுரும்" என்று டம்ளரைப் பிடுங்கினார் ஜமால்.

"பெறகு என்னத்தத்தான்லே குடிக்க?"

ஜைனப் பானையிலிருந்து ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் மொண்டு இருவர் முன்னாலும் வைத்தாள்.