மாமாவுக்கு நான் தெரிந்து கொடுத்த புத்தகம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூன் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின், இத்தாலியின் பலெர்மோவில் ஒரு புத்தகக் கடையில் நான் ஒரு பொய் சொன்னேன். நாளை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. நாலாம் வகுப்பு முடிந்து பள்ளிக்கூட அறிக்கை வாங்கியது அதற்கு முந்திய சனிக்கிழமை. அந்த அறிக்கை இன்னமும் என்னிடம் இருக்கிறது. வியாழன் என்பதில் சந்தேகமே இல்லை. வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு அந்த ஊரில் வியாழன் பிற்பகலும் ஞாயிறும்தான் ஓய்வு. ஞாயிறு புத்தகக் கடை பூட்டு. ஆகவே, மாமா என்னோடு அங்கே நின்றிருந்தால் அது வியாழனாகத்தான் இருக்க வேண்டும். நேரமும் சரிதான். மதியம் பூட்டிய கடையை நான்கு மணிக்குத் திறந்தபோது வாசலில் முதலாவதாக நின்றவர்கள் நாங்கள்.

மாமா அம்மாவின் தம்பி. சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்லும் வயதான பணக்கார அம்மா ஒருவரின் வீட்டில் தங்கி, சமைத்து, துடைத்து, வெள்ளைக் கையுறை போட்டு மேசையில் பரிமாறி வந்தார். சிஞ்ஞோராவின் மகன் லண்டனில் படித்தவர். அவர் புதுக் கணினி வாங்கியபோது பழையதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். அது, சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டது. அதில் படம் வரையும் மென்பொருள் ஒன்று இருந்தது. கோடுகளையும் வளைவுகளையும் அது கணக்காகவே வைத்திருக்கும். அதனால் ஒரு பூவைச் சுவரளவு பெருப்பித்தாலும் அதன் விளிம்பு உடையாது. லண்டனிலிருந்து வந்த மென்பொருள் ஆகையால் திரையில் இருந்த சொற்கள் எல்லாம் ஆங்கிலம்.

ஊரின் பிரான்காச்சோப் பகுதியில் பழப்பெட்டிகளுக்கு லேபிள் அச்சிடும் சிறிய அச்சகம் ஒன்று இருந்தது. அதன் முதலாளி சிஞ்ஞோராவுக்குத் தெரிந்தவர். லேபிள் வரைகிற பையன் செப்டம்பர் முடிவில் பட்டாளத்துக்குப் போகிறான் என்றும், அதற்கு முன் மாமா தங்களுடைய பழைய எலுமிச்சை லேபிளைக் கணினியில் வரைந்து கொண்டுவந்தால் அந்த இடத்தை மாமாவுக்கே தரலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் மாமா தனியாக ஒரு வீடு எடுக்கலாம். வீடு எடுத்தால், யாழ்ப்பாணத்தில் மூன்று வருடமாகக் காத்திருந்த பெண்ணைக் கலியாணம் கட்டி அழைக்கலாம். வேறொருவர் வீட்டுப் பின்னறையில் படுப்பவர் பெண்சாதியை எங்கே அழைப்பது?

எனவேதான் மென்பொருளைப் பழக ஒரு புத்தகம். அதைத் தெரிவு செய்ய என்னைக் கூட்டிப்போனார். எங்கள் வீட்டில் இத்தாலிய எழுத்து எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். குவெஸ்துரா என்கிற போலீஸ் அலுவலகத்தில் கொடுக்கும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிப் பத்திரம், காஸ் பில், டாக்டரின் கடிதம் எல்லாவற்றையும் நானே வாசித்து, இதுதான் சங்கதி என்று பெரியவர்களுக்குச் சொல்வேன். அப்போது அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது எனக்குப் பிடிக்கும்.

கடைக்காரர் இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்தார். இரண்டும் தலையணைத் தடிமன்; ஒன்று இத்தாலியம், மற்றது ஆங்கிலம். மாமா ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தார். இரண்டு பக்கம் புரட்டி ஓரிடத்தில் நின்று வாசித்தார். ஊரில் உயர்தரம் வரை படித்தவர் அவர். ஆங்கிலம் வாசித்தால் விளங்கும். இத்தாலியம்தான் அவருக்குச் சமையலறை மட்டில் நின்றுவிட்டது. அவருடைய உதடுகள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் திடீரென்று ஒரு பயம் வந்தது. இந்தப் புத்தகத்தை வாங்கினால் மாமா தானே வாசித்துக்கொள்வார். கணினிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு வேலையும் இராது.

மென்பொருள் எந்த மொழியில் இருக்கிறது என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். சொன்னேன். அப்படியானால் ஆங்கிலப் புத்தகத்தையே எடுங்கள், இல்லாவிட்டால் திரையில் ஒரு பெயரும் புத்தகத்தில் வேறு பெயருமாக அலைய வேண்டிவரும் என்றார். அவர் பேசிய வேகத்தில் மாமாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னவாம், பிள்ளை?"

"இத்தாலியன்தான் நல்லதாம், மாமா. இங்கிலீஷ் பழசாம்."

மாமா ஆங்கிலப் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார். "பழசோ? புதுசு மாதிரியெல்லோ மணக்குது."

"பழசாம்."

"அப்ப சரி. இனி நீதான் என்ரை ரீச்சர். கூப்பிட்ட நேரம் ஓடிவரவேணும், சொல்லிப்போட்டன்."

கடைக்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு இத்தாலியப் புத்தகத்தைத் தாளில் சுற்றினார்.

முதல் இரண்டு ஞாயிறும் எனக்குக் கொண்டாட்டம். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். மாமா அதை மனதுக்குள் ஆங்கிலமாக்கித் திரையில் தேடுவார். புத்தகம் ஒரு பட்டியலைத் திறக்கச் சொல்லும். அந்தப் பெயரில் திரையில் எதுவும் இருக்காது. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் திறந்து மூடி, அது எதுவென்று கண்டுபிடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

"மூண்டு பாஷை சேர்ந்து ஒரு தேசிக்காய் கீறுறியளோ?" என்று அம்மா கோப்பையோடு வந்து நிற்பா. "தம்பி, மேசையை விடு. சோறு வைக்கவேணும்."

"பொறு அக்கா, இப்பதான் காம்பு வந்திருக்கு."

"காம்பு வாறதுக்கே ஒரு மாசமெண்டால் பழம் எப்ப வாறது?"

ஜூலையில் எனக்கு அலுத்துவிட்டது. கீழ்வீட்டுப் பிள்ளை முற்றத்தில் நின்று என் பெயரைக் கூப்பிடுவாள். நான் இரண்டு பந்தியைத் தாண்டி மூன்றாவதை வாசிப்பேன். மாமாவுக்கு அது தெரிய வழியில்லை. ஆறாம் அத்தியாயம் வளைவுகளைப் பற்றியது. நெருக்கமான சின்ன எழுத்தில் நாற்பது பக்கம். அதைப் பார்த்ததும், "இது எங்களுக்குத் தேவையில்லை மாமா" என்றேன்.

"வட்டமாக் கீற வேண்டாமோ?"

"குட்டிக் குட்டி நேர்கோடு போட்டால் வட்டமா வரும்."

"அப்பிடியும் செய்யலாமோ? கெட்டிக்காரி நீ."

ஆகஸ்டில் சிஞ்ஞோரா கடற்கரை வீட்டுக்குப் போனபோது மாமாவையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த மாதம் முழுவதிலும் அவருக்கு இரண்டு வியாழக்கிழமைகளே கிடைத்தன. அந்த இரண்டிலும், செப்டம்பர் முதல் ஞாயிறிலும், மாமா முதுகு வளைந்து அமர்ந்து எலுமிச்சம்பழத்தைச் சுற்றி நேர்கோடுகளை வைத்தார். ஒவ்வொன்றும் அரிசி நீளம். எண்ணினால் நூறுக்கு மேல் இருக்கும். எட்ட நின்று பார்த்தால் வடிவாகத்தான் இருந்தது. அம்மாகூட, "அட, மணக்குமாப்போலை கிடக்கு" என்றா.

செப்டம்பர் இரண்டாவது வியாழன் பஸ்ஸில் பிரான்காச்சோவுக்குப் போனோம். மாமா நெருப்புப் பெட்டியைப் போல விளிம்பு நிற்க இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்; அதன் பையில் பிளாஸ்டிக்கில் சுற்றிய டிஸ்கட். மொழிபெயர்க்க நான்.

படத்தைத் திறந்ததும் முதலாளியின் முகம் மலர்ந்தது. பிறகு, எல்லோரும் செய்வதைப் போல, அதைப் பெருப்பித்தார். பழம் திரையை நிறைத்தபோது அதன் விளிம்பு முழுவதும் மூலை மூலையாக நின்றது.

அவர் சிரித்தார். "இது எலுமிச்சை இல்லை, கத்தியால் தோல் சீவிய உருளைக்கிழங்கு" என்றார். நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. உருளைக்கிழங்கும் தோலும் கத்தியும் மாமாவுக்குத் தெரிந்த இத்தாலியம். அவரும் கூடச் சிரித்தார்.

முதலாளி நல்ல மனிதர். அருகில் வந்து பார்க்கச் சொல்லி, மவுஸை ஓரிடத்தில் அழுத்தி, விரலை எடுக்காமல் இழுத்தார். கோடு தானாக வளைந்தது. நான்கே புள்ளிகள், எலுமிச்சம்பழம் வந்துவிட்டது. எவ்வளவு நாளாக இதை வரைந்தீர்கள் என்று கேட்டார். ஜூனிலிருந்து என்று நான்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மாமாவுக்குக் கோப்பியும் எனக்குப் பாதாம் பாலும் வருவித்துத் தந்துவிட்டு, தனக்கு இன்னும் விரைவாகச் செய்கிற ஆள் தேவைப்படும் என்று மெல்லச் சொன்னார். அதை நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அடுத்த தை மாதம் வேறிடத்தில் திருமணமாயிற்று. மாமா சிஞ்ஞோரா இறக்கும்வரை, இன்னும் ஒன்பது வருடம், அந்த வீட்டில் இருந்தார். கணினியை யாருக்கோ கொடுத்துவிட்டார். உண்மையைச் சொல்வதற்கு அதற்குப் பிறகு எத்தனையோ வியாழக்கிழமைகள் வந்தன. ஒன்றிலும் சொல்லவில்லை.

அன்று திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு யன்னலோர இடம் கிடைத்தது. பாதி வழிவரை மாமா டிஸ்கட்டின் பிளாஸ்டிக்கைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். ரயில் நிலையம் கடந்ததும் என் தலையில் கையை வைத்தார்.

"நீ நல்லாத்தான் சொல்லித் தந்தனீ, பிள்ளை. எனக்குத்தான் மண்டையிலை ஏறேல்லை. இனி ஏறாது. எனக்கு வயசு போட்டுது."

"ஓம் மாமா" என்றேன்.

நான் அகப்படவில்லை என்ற சந்தோஷத்தில் சொன்ன ஓம் அது. ஆனால் அவருக்கு வயது போய்விட்டது என்று உண்மையாகவே நினைத்தேன். அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பத்து வயதில் எனக்கு அது கிழட்டு வயதாகவே தெரிந்தது.