ஆறிய எஞ்சினைத் திறந்து பார்!

போன திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. என் பழைய கார் மறுபடியும் காலை வாரிவிட்டது.

சாவியைத் திருப்பினால் பிடிக்கிறது... உடனே அணைந்துவிடுகிறது. பக்கத்து சீட்டில் அண்டைவீட்டு லெட்சுமி அக்கா. வாரத்தில் மூன்று நாள் அவருக்கு சிரம்பானில் டயாலிசிஸ். லிங்கி பக்கத்தில் இருக்கும் எங்கள் எஸ்டேட்டுக்கு அந்த நேரத்தில் எந்த வாடகைக் கார் வரும்? எப்படியோ கிளப்பிக்கொண்டு போனோம். தாமதமான முக்கால் மணி நேரத்தை அக்காவின் சிகிச்சை நேரத்தில் குறைத்துவிட்டார்கள்.

"இந்தக் காடிக்கு வயசாயிடுச்சு லா, டீச்சர். வித்திடுங்க," என்றார் போனில் மெக்கானிக் சேகர்.

"எனக்குந்தான் அறுபத்தி நாலு. என்னையும் வித்திடுவியா?"

கோலாலம்பூரில் இருக்கும் என் மகனுக்கும் இதே பல்லவி. காரை வாங்க தெமியாங்கில் ஆளே பார்த்துவிட்டான். அப்புறம் அக்காவை யார் கூட்டிப்போவது?

சேகர் மூன்று முறை டியூன் செய்தவர்தான். மூன்று முறையும் பிற்பகலில், நான் ஓட்டிப்போன சூட்டோடு! அங்கே கார் சமர்த்தாக இருக்கும். அணையாமலிருக்க, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் ஐட்லிங் ஸ்குருவை முறுக்கிவிட்டார்; சிக்னலில் லாரி மாதிரி உறுமியதுதான் மிச்சம்.

காய்ச்சல் அடிப்பது காலையில். தொட்டுப் பார்ப்பது மாலையிலா?

அன்று மாலையே காரை வொர்க்‌ஷாப்பில் விட்டேன். "நாளைக்கு நான் வர்ற வரைக்கும் சாவியத் தொடாத, தம்பி."

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். "எஞ்சின் ஆறிக் கெடக்கு. இப்ப தொறந்து பாரு!"

முணுமுணுத்தபடி திறந்தார். நான் ஸ்டீரிங் பக்கத்துச் சோக் குமிழை முழுதாக இழுத்தேன். கார்புரேட்டரின் வாயை மூடவேண்டிய தகடு பாதியிலேயே நின்றது. குமிழையும் தகட்டையும் இணைக்கும் கேபிள் தளர்ந்திருக்கிறது! குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது அந்தத் தகடுதான். சூடான எஞ்சினுக்கு அது தேவையே இல்லை - பிற்பகலில் எப்படித் தெரியும்?

கேபிளை இறுக்கினார். சூடேறியதும் சோக்கை உள்ளே தள்ளி, முறுக்கிய ஸ்குருவைத் தளர்த்தினார். உறுமல் அடங்கியது. பக்கக் கண்ணாடியில் என் முகம் நடுங்காமல் தெரிந்தது.

"இப்ப நல்ல வெலைக்குப் போகும், டீச்சர்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்பதற்கா இவ்வளவு மல்லுக்கட்டினேன்?

புதன் விடியல். ஒரே திருப்பு... பிடித்துக்கொண்டது. நேரத்துக்கு முன்பே அக்காவை டயாலிசிஸுக்கு உள்ளே அனுப்பிவிட்டு வந்தால், மகனின் போன்.

"அம்மா, தெமியாங் ஆளு கேக்குறாரு. என்ன சொல்ல?"

"வெள்ளிக்கிழம விடியக்கால அஞ்சரைக்கு எங்களோட சிரம்பானுக்கு வரச் சொல்லு. பின் சீட்டு காலியாத்தான் இருக்கு. முன் சீட்டு அக்காவோடது!"