எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே குரல்

ஒரு கம்ப்யூட்டரைத் தயார்செய்து, அதை அப்படியே நகலெடுத்து, நெட்வொர்க் வயர் வழியே மற்ற எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஏற்றுவது என் வேலை. நகலெடுக்கும் முன் அதிலுள்ள சொந்த ஃபைல்களை நீக்கிவிட வேண்டும். சாந்தோமில் ஒரு பள்ளியில், அவசரத்தில் அதை மறந்துவிட்டேன்.

நான் நகலெடுத்தது கம்ப்யூட்டர் டீச்சர் நூர்ஜஹானுடைய கம்ப்யூட்டரை. மறுநாள் காலை, டீச்சர் வருவதற்குள் பிள்ளைகள் திரையில் ‘பாட்டு’ என்றிருந்ததை ஆளாளுக்கு அழுத்திவிட்டார்கள். லேப் முழுக்க ஒரே பெண்குரல், முன்னும் பின்னுமாகப் பாடியது. உள்ளே வந்த டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். வேலையைச் சரிபார்க்க வந்திருந்த நான் ஓடிப்போய் ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.

“மிஸ், நீங்களா பாடினீங்க? சூப்பரா கீது மிஸ்!” என்றாள் ஒரு மாணவி.

“எங்க வீட்லகூட யாரும் கேட்டதில்ல,” என்று டீச்சர் கூச்சத்தோடு சிரித்தார்.

“சாரி மேடம், எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி ஏத்திடறேன்,” என்றேன்.

“ஏத்துங்க சார்,” என்றவர் கொஞ்சம் தயங்கினார். “அந்த ஜன்னலோரக் கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கட்டுமே. பசங்க கேப்பாங்க.”

சுத்தமான நகலை ஏற்றும் முன், ஜன்னலோரக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் வயரை நானே கழற்றி வைத்தேன். வழக்கமாக ஒரு கம்ப்யூட்டர் விடுபட்டாலும் எனக்குத் தூக்கம் வராது. அன்று நன்றாகத் தூங்கினேன்.