சீசன் முடியுமட்டும்

என் கணவரிடம் கார் ஓட்டுகிற லைசென்ஸ் இல்லை. வேட்டையாடுகிற லைசென்ஸ் இருந்தது. நான் கனடாவுக்கு வந்து மூன்றாம் மாதம், குசினி லாச்சியை இழுத்துக் கத்தரிக்கோல் தேடியபோதுதான் அது என் கையில் அகப்பட்டது.

"இதென்ன?" என்று கேட்டேன்.

"குருவி சுடுற லைசென்ஸ்" என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போய்விட்டார். அவருடைய ஒரு நாள் பேச்சு அதோடு முடிந்தது.

நாங்கள் கலியாணம் கட்டி ஒன்றாக இருந்தது மூன்றே மாதம். அதன் பிறகு அவர் கொழும்புக்குப் போய், அங்கேயிருந்து எங்கெங்கோ சுற்றி, ரொறன்ரோவில் வந்து இறங்கிவிட்டார். நான் யாழ்ப்பாணத்தில் பங்கர் குழியும் விரதமுமாக ஏழு வருடம் காத்திருந்தேன். ஸ்பொன்சர் சரிவந்து நான் வந்து இறங்கியபோது, விமானநிலையத்தில் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் பெட்டியைத்தான் பார்த்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் எங்கள் வீடு. றெஸ்ரோரன்ற் குசினி வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், "நல்லாயிருக்கு" என்பார். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. கெட்ட பழக்கம் இருந்திருந்தால் சண்டை பிடித்தாவது நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "உங்களுக்கு நான் தேவையில்லை எண்டு நினைக்கிறன். மொன்றியலுக்கு அக்காவிட்டைப் போறன். அங்கை எனக்கு ஒரு வேலையும் பாத்து வைச்சிருக்கிறா."

அவர் கையிலிருந்த கோப்பையைக் கழுவி முடித்தார். துடைத்தார். கவிழ்த்து வைத்தார். பிறகு, "வேட்டை சீசன் துடங்குது. மார்கழியில முடிஞ்சிடும். அதுமட்டும் நில்லுமன். சனிக்கிழமையளில என்னோட வாரும்" என்றார்.

மனைவி போகப்போகிறேன் என்கிறாள், மனிதர் குருவி சுடக் கூப்பிடுகிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சரி, மார்கழி வரைக்கும்தானே என்று ஒத்துக்கொண்டேன். அக்காவிடமும் அப்படியே சொன்னேன்.

சனிக்கிழமை விடிய சப்வே, பிறகு பஸ். ஸ்ரௌவ்வில் என்கிற இடம் அப்போது வெறும் வயலும் தோட்டமும்தான். இன்றைக்கு எங்கள் சனம் வீடு வாங்கிக் குடிபூரல் வைக்கிற இடங்களில் அன்று சோளத்தட்டைகள் காய்ந்து நின்றன. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் பழைய பிக்கப் வாகனத்தோடு காத்திருந்தார். இவருடைய றெஸ்ரோரன்றுக்கு ஆப்பிள் கொண்டுவந்து போடுகிற தோட்டக்காரர். துவக்கும் அவருடையது, நாயும் அவருடையது. முழங்கால் இரண்டும் தேய்ந்து அவரால் காட்டுக்குள் நடக்க முடியாமல் போனபோது, நாய் வேட்டையில்லாமல் ஏங்கிப் போய்விடும் என்று பயந்து என் கணவரைப் பிடித்திருக்கிறார். வன்னியில் தங்கள் வயலில் பன்றிக்குக் காவல் இருந்த மனிதர் இவர். துவக்கு புதிதில்லை.

அந்தத் துவக்கை நான் எதிர்பார்க்கவில்லை. நான் கண்ட துவக்குகள் எல்லாம் கறுப்பும் இரும்புமான சாமான்கள். இது இங்கிலாந்தில் செய்த, தோட்டக்காரரின் தகப்பன் காலத்து இரட்டைக்குழல் துவக்கு. பிடி நல்ல மரத்தில், கைபட்டுக் கைபட்டு மினுங்கியது. இரும்பில் பூக்கொடியும் இரண்டு பறவைகளும் செதுக்கியிருந்தார்கள். கொல்லுகிற சாமானுக்கு எதற்கு இவ்வளவு வடிவு என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

நாய் பெட்டை. வெள்ளை உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி, காதிலும் வாலிலும் நீளமான மயிர். இவரைக் கண்டதும் அது துள்ளின துள்ளலை விட, இவர் குந்தியிருந்து அதோடு கதைத்த கதைதான் என்னைத் திகைக்க வைத்தது. "என்ன பிள்ளை, சுகமோ? சாப்பிட்டனியோ? கால் நோ மாறிட்டுதோ?" எல்லாம் தமிழில். அந்த நாய் வாலை ஆட்டி ஆட்டி எல்லாம் கேட்டது. எனக்கு ஒரு மாதத்துக்குச் சொல்லுகிற சொற்களை அந்தப் பெட்டைக்கு ஐந்து நிமிடத்தில் கொட்டிவிட்டார். ஒரு நாய்மீது பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பட்டேன்.

தோட்டக்காரர் வாகனத்திலேயே இருந்துகொண்டார். மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படட்டும் என்று எனக்கு ஒரு செம்மஞ்சள் தொப்பியைத் தந்தார்கள். பொட்டுக்கு மேலே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இவர்களுக்குப் பின்னால் நடந்தேன். நாய் முன்னாலே மூக்கால் நிலத்தைத் தடவிக்கொண்டு ஓடியது. திடீரென்று ஒரு பற்றைக்கு முன்னால் அப்படியே விறைத்து நின்றது. ஒரு முன்னங்கால் தூக்கியபடி, வால் நேரே நீட்டியபடி, கண் புல்லுக்குள்ளே.

எங்கள் ஊரில் நாய் அப்படி நின்றால் ஒன்றுதான் அர்த்தம். "ஐயோ, பாம்பு!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து ஓடி, நாயின் கழுத்துப்பட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு விழுந்தேன். பற்றைக்குள்ளிருந்து காட்டுக்கோழி அளவில் ஒரு பறவை சடசடவென்று எழும்பி மரங்களுக்குள் போய்விட்டது. கிறவுஸ் என்பார்கள். பறவை எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் நாய் அப்படி நிற்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

நாய் என்னைப் பார்த்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் துவக்கை நிலத்தில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். இந்த மனிதருக்கு ஒரு பக்கத்துக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் நாய்க்குக் கிட்டப் போகவில்லை. அது நின்றது, பறவை எழும்பியது, அவர் சுட்டார். சத்தம் கேட்டதுதான் தெரியும். நான் சேற்றில் குப்புறக் கிடந்தேன், இரண்டு கையும் தலையில். யோசித்துச் செய்ததில்லை, உடம்பே விழுந்துவிட்டது. ஷெல் அடிக்குள் ஏழு வருடம் பழகிய உடம்பு. எழும்ப முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஏதோ சரிந்தது. அவரும் என் பக்கத்தில் சேற்றில் படுத்திருந்தார். நடுக்கம் நிற்குமட்டும் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு கிடந்தார். நாய் இரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி ஓடியது.

அதன் பிறகு ஒரு புது வழக்கம் வந்தது. நாய் பறவையைக் காட்டி நின்றதும், துவக்கைத் தூக்க முதல் அவர் பெரிய குரலில் "காதைப் பொத்தும்!" என்று கத்துவார். நான் பொத்துவேன். பறவை என்ன, செவிடா? அவர் கத்தியதுமே எழும்பிப் பறந்துவிடும். அவர் திரும்பிச் சுட, வெடி வெறும் கொப்பில் படும். இப்படி மூன்று சனிக்கிழமைகள். ஒரு இறகு இல்லை. தோட்டக்காரர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போன வருடம் இவருக்கு ஒரு வெடியும் குறி தப்பவில்லை, கண்ணில் ஏதும் கோளாறா, டொக்டரிடம் காட்டுவோமா என்று கவலையோடு கேட்டார். என்னுடைய அரைகுறை இங்கிலீசில், கண்ணெல்லாம் நல்லாயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது இவருடைய தோளில் சாய்ந்து நித்திரை போலக் கிடந்தேன். நித்திரையில்லை.

ஆனாலும் நேரே போய், எனக்காகக் கத்தாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் சனத்துக்குள் புருசன் பெண்சாதி கோபமென்றால் நேரே கதைக்கமாட்டார்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, "அப்பாட்டைச் சொல்லு, சோறு போட்டிருக்கு" என்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் நாயைக் கூப்பிட்டேன்.

"இஞ்சை வா பிள்ளை. உவரிட்டைச் சொல்லு, நான் காதுக்குள்ள பஞ்சு வைச்சிருக்கிறன். இனிக் கத்தாமல் சுடச் சொல்லு."

அவர் நாயைப் பார்த்துச் சொன்னார்: "அவவுக்குச் சொல்லு, பஞ்சு காணாது. பிறகு பயந்துபோவா."

"பயப்பிட்டால் நான் விழுந்து கிடப்பன். விழுறது எனக்குப் புதுசே? உனக்கு ஒரு குருவி எடுத்துத் தரச் சொல்லு, பாவம் நீ."

அன்றைக்கு அவர் கத்தவில்லை. ஒரே வெடி. நாய் அந்தப் பறவையை வாயில் பூப்போலக் கவ்விக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தது. நான் விழவில்லை. தோட்டக்காரர் வீட்டு அடுப்பில் நானே யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் கறி வைத்தேன். தோட்டக்காரர் முகம் சிவந்து, மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்து, பிறகும் இன்னொரு கரண்டி கேட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எங்களுக்கு நாய்தான் பிள்ளை. வேலையில் கை சுட்டது, பக்கத்து வீட்டுச் சண்டை, ஊரிலிருந்து வந்த கடிதம் எல்லாம் நாயைப் பார்த்துத்தான். அவர் அதனிடம் சொல்வதை நான் கேட்பேன். நான் அதனிடம் சொல்வதை அவர் கேட்பார். கந்தசஷ்டியும் இடையில் வந்தது. ஆறு நாளும் நான் பாலும் பழமும். அந்தச் சனிக்கிழமை துவக்கைத் தொடவில்லை, நாயை நடத்த மட்டும் போனோம். "பசிக்குதடி பிள்ளை" என்று அவர் அதன் காதுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. "ஆறு நாள் எண்டு தெரியாமல் துடங்கிட்டன்." இறைச்சி வேகிற குசினியில் நாள் முழுக்க நின்றுகொண்டு, எனக்குத் தெரியாமல் எனக்குத் துணையாக விரதம் இருந்திருக்கிறார். வீட்டில் "வேலையில சாப்பிட்டனான்" என்று சொன்னதெல்லாம் பொய். நான் மரத்தைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தேன்.

இவ்வளவும் இருந்தும், ஒரு நாளாவது சீசனுக்குப் பிறகும் நிற்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. நாயிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் பழையபடி கோப்பை கழுவுவார், துடைப்பார், கவிழ்ப்பார். எனக்கும் ரோசம். கேளாத மனிதரிடம் நானாக நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அக்கா போன் எடுத்து எடுத்து விசாரித்தா. கடைசியில், திங்கட்கிழமை றெயினுக்கு ரிக்கற் எடுத்துவிட்டேன். அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்து, திருப்பித் தந்தார்.

அதற்கு முந்திய சனிக்கிழமைதான் எங்கள் கடைசி வேட்டை. நிலத்தில் மெல்லியதாகப் பனி. பஞ்சு எனக்கு எப்போதோ தேவையில்லாமல் போயிருந்தது. வெகுநேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்புவோம் என்று நினைக்கையில், விழுந்து கிடந்த ஒரு மரத்தடியில் நாய் விறைத்து நின்றது. அவர் துவக்கைத் தூக்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வெடி கேட்கவில்லை. பார்த்தால், அவர் துவக்கை இறக்கி, நடுவில் மடித்துத் திறந்து, இரண்டு தோட்டாவையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வகைத் துவக்கு வைத்திருக்கிறவர்கள் யாரிடமாவது கதைக்கப் போகும்போது அப்படித் திறந்து காட்டுவார்கள், உள்ளே ஒன்றுமில்லை, பயப்படாதே என்று. திறந்த துவக்கைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அவர் என்னிடம் வந்தார்.

வந்து நின்று, பழக்கதோசத்தில் நாயைத் தேடினார். நாய் அசையவில்லை, அதற்கு அதன் வேலை.

"நாயைப் பாக்காதேங்கோ. என்னைப் பாத்துச் சொல்லுங்கோ" என்றேன்.

பார்த்தார். விமானநிலையத்தில் பார்த்ததற்குப் பிறகு அன்றுதான் முழுதாகப் பார்த்தார்.

"நீர் வந்தாப் பிறகு உம்மோட என்னென்ன கதைக்கோணும் எண்டு இந்தக் காட்டுக்குள்ளதான் சொல்லிச் சொல்லிப் பாத்தனான். எல்லாத்தையும் உவளுக்குத்தான் சொல்லி வைச்சனான். நீர் வந்து இறங்கின உடன ஒண்டும் வாயில வரேல்லை. ஏழு வரியம் தனிய இருந்து எனக்கு ஆக்களோட கதைக்கிறது விட்டுப்போச்சு. இனியும் பிந்திப்போச்சோ தெரியாது." துவக்கை மற்றக் கைக்கு மாற்றினார். "போகாதையும்."

"உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே?"

"கேட்டு, நீர் மாட்டன் எண்டால்? கேளாமல் இருந்தால் அந்த ஒரு பதில் வராதெல்லே."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. "சரி, நாய்க்குச் சொன்னதெல்லாத்தையும் இப்ப எனக்குச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல்" என்றேன்.

"இப்பவோ?"

"ஓம், இப்ப. துடக்கத்திலயிருந்து."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். முதலில் எல்லாம் தடக்கித் தடக்கித்தான் வந்தது. எங்களுக்குப் பின்னால் அந்தப் பறவை பொறுமை இழந்து சடசடவென்று எழும்பிப் பறந்தது. நாய் குரைத்தது. நாங்கள் திரும்பவில்லை. மூன்று மாதம் வாழ்ந்த ஒரு பெண்ணின் முகம் மறந்துவிடுமோ என்று தான் பயந்த கதையை அவர் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்.