நீலத் தண்ணீர் வந்தது எங்கள் வீட்டில்

என் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வக்கீல். ஏன், எதற்கு என்று கேட்டே எல்லோர் உயிரையும் எடுப்பாள். எட்டாம் வகுப்பில், பள்ளி அறிவியல் கண்காட்சியில் அவள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மெய் சிலிர்க்கிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை!

நாங்கள் கீழ்வீடு. மாடியில் பெரியப்பா குடும்பம். இரண்டு வீட்டுக்கும் மொட்டைமாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. அது காலியானால் சண்டைதான். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. வசவு மட்டும் படிக்கட்டில் ஏறி இறங்கும்.

"கீழ என்ன யானையா வளக்கறாங்க? தண்ணி எங்க போகுது?" என்பார் பெரியப்பா.

"மேல தினமும் படகு விடறாங்களோ என்னவோ!" என்பார் அப்பா. அவர் குழாய் வேலை செய்பவர்.

கண்காட்சிக்கு மாதிரி செய்யலாம், எதையாவது சேகரித்து வகை பிரிக்கலாம், இல்லையென்றால் சோதனை செய்யலாம் என்றார் டீச்சர். எதுவென்று சொன்ன பிறகு மாற்றக்கூடாது. போன வருடம் பெரியப்பா மகன் எரிமலையின் மாதிரி வைத்துப் பரிசு வாங்கியிருந்தான். அப்பாவுக்கு அந்த எரிமலை வயிற்றிலேயே எரிந்தது.

"நான் அணையே கட்டித் தரேன். லைட்டு, மோட்டார் எல்லாம் ஓடும். அவங்க வாயப் பொளக்கணும்."

"நீங்க கட்டினா பரிசு உங்களுக்குத்தானேப்பா குடுக்கணும்?"

"வாயி! வாயி!"

அக்கா பள்ளியில் 'சோதனை' என்று சொல்லிவிட்டு வந்தாள். தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் இரண்டு வீட்டுக் குழாய்களையும் பார்த்தாள். ஒன்றும் சொட்டவில்லை. பிறகு இரண்டு கழிவறை ஃபிளஷ் டேங்கிலும் நீல மை ஊற்றினாள். கொஞ்ச நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. டேங்க் கசிந்தால் மை தானாகவே கீழே கோப்பைக்கு இறங்கிவிடும்.

"நல்லா ஊத்துடா கண்ணு. உங்கப்பன் வண்டவாளம் தண்டவாளம் ஏறட்டும்" என்று பெரியப்பா கதவைத் திறந்து விட்டார்.

மாடியில் கோப்பை வெள்ளையாகவே இருந்தது. எங்கள் வீட்டில் நீலம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கண்காட்சி அட்டையில் எழுதிக்கொண்டாள்.

அப்பா டேங்கைத் திறந்து வாஷரை மாற்றினார். கை துடைத்துக்கொண்டே, "இப்ப ஒழுகல. அட்டைல இருந்து அழிச்சிடு" என்றார்.

"இத்தன நாள் ஒழுகிச்சுல்ல?"

"ஊருக்கெல்லாம் குழா மாட்டறவன் வீட்லயே ஒழுகுதுன்னு எழுதி வெப்பியா? எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்? சோத்துல மண்ணள்ளிப் போடறியே!"

அம்மா நடுவில் வந்தாள். "ஒரு வீடுன்னு மட்டும் போடேன்டி."

"யார் வீடுன்னு சொல்லலன்னா மாடி வீட்டையும் சந்தேகப்படுவாங்கம்மா. அது பொய்."

"அப்ப காய்ச்சல்னு சொல்லிட்டுப் படு. போகாத" என்றார் அப்பா.

அவள் போனாள். அட்டையில் பெரிதாக 'கசிவு: எங்கள் வீடு' என்று எழுதியிருந்தாள். பெரியப்பா மகன் இந்த வருடமும் எரிமலைதான் வைத்திருந்தான்.

வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்தது போல ஆனது பெரியப்பாவுக்கு. வந்தவர் போனவரையெல்லாம் இழுத்து வந்து காட்டினார். "என் தம்பி வீடுதான். பெரிய்ய குழா மேஸ்திரி!" கூடம் முழுக்கச் சிரிப்பு. அக்காவின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் கேட்டவருக்கெல்லாம் அதே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வரமாட்டேன் என்ற அப்பா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ தெரியாது. நேராக அண்ணன் எதிரே போனார்.

"ஆமா, என் வீடுதான். என் பொண்ணுதான் கண்டுபிடிச்சா. கடைல வாங்கின எரிமலைய வெச்சு உம்மவன் என்னத்தக் கண்டுபிடிச்சான்?"

பெரியப்பா எரிமலை மேசைப் பக்கம் நழுவினார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது!

பரிசு அந்த வருடமும் எரிமலைக்குத்தான். திரும்பும் வழியெல்லாம் அப்பா அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வருஷம் மேல் வீட்ட மட்டும் சோதிச்சுப் பாரு."

"ரெண்டு வீட்டையும்தான் பாப்பேன்" என்றாள் வக்கீல்.