கொட்டைப்பால் பட்ட கை

"எங்க, இங்கிட்டுத் திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே ஆளை வெயில் பக்கம் திருப்பிவிடுவார் சொர்ணம் அத்தை. முந்திரிப்பருப்பு வாங்க ஆதனக்கோட்டை ரோட்டோரம் கார் நிறுத்துபவர்கள் உடம்பில் கொப்புளத்தோடு வந்தால் தப்ப முடியாது.

"பூச்சி கடிக்கலைங்க. கழுத்துல ஊர்ந்தத நசுக்கியிருக்கீங்க, அதான் கோடு இழுத்திருக்கு."

ஒருவருக்கு விலாவின் ஒரு பக்கம் மட்டும் கொத்துக் கொத்தாக இருந்தது. "அக்கி. பருப்பு எங்க போயிரும்? மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

இந்தப் படிப்பெல்லாம் அவர் கையிலேயே நடந்தது. வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டும்போது தெறிக்கும் பால், சாம்பல் பூசிய விரலையும் விடாது. பட்டவுடன் ஒன்றும் தெரியாது. மறுநாள் கொப்புளம் கிளம்பும்.

மகள் இனியாவின் வளைகாப்புக்காக ஐந்து நாள் முன்பே கட்டையைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் தெரு வழக்கப்படி முதல் சந்தனத்தைப் பெற்ற தாய்தான் பூச வேண்டும். கடைசி நாள் தெறித்த பாலின் கொப்புளம் மட்டும் மூன்று விரல்களில் நின்றது.

சந்தனத்தைத் தொடப்போன கையைத் திருச்சிச் சம்பந்தி செல்வராணி பார்த்துவிட்டார். "என்ன சம்பந்தி, அம்மையா? புள்ளத்தாச்சியத் தொடப்போறீங்களே!"

அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. நுண்ணுயிரியல் படித்தவள் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டம். முந்திக்கொண்டு, "அது கான்டாக்ட் டெர்மடைடிஸ்ங்க" என்றேன்.

"ஆத்தாடி, பேரே பயமாருக்கே!" இனியாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் அவர். பக்கத்தில் நிற்பவருக்குப் புரியும்படி சொல்ல வராததை, எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மைன்னா காய்ச்சலோட ஒடம்பெல்லாம் போடும். இது கொட்டைப்பாலு, பட்ட எடத்தோட சரி. அஞ்சு நாளா சோப்புப் போட்டுக் கழுவுறேன். அது கெடக்கட்டும், ஒங்க குதிகாலக் காட்டுங்க."

செல்வராணி சேலையை இழுத்துக் காலை மறைத்தார்.

"புதுச் செருப்பு. பஸ்ஸப் புடிக்க ஓடியிருக்கீங்க."

"டிரைவர் பாவி வண்டிய எடுத்துட்டான், சம்பந்தி!"

"அந்தக் கொப்புளம் எங்களுக்கு ஒட்டிக்கிருமா?" என்றார் அத்தை.

கூடமே சிரித்தது. செல்வராணிதான் கடைசியாகச் சிரித்தார், சத்தமாகவும் சிரித்தார். பிறகு அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துச் சந்தனக் கிண்ணத்தில் தோய்த்து, இனியாவின் கன்னத்தில் அவரே கொண்டுபோய் வைத்தார்.

மறு கன்னமும் ஆனது. விரலில் மிச்சச் சந்தனம் இருந்தது. அத்தை சட்டென்று குனிந்து, "அய்யய்யோ, கால்ல போயி!" என்று சம்பந்தி கூச்சத்தில் நெளிய நெளிய, அந்தக் குதிகாலில் தடவிவிட்டார்.